முடிவை மாற்றாத படம்

பொன்னுத்தாய் சினிமாக்காரர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முடிவை மாற்றக் கூடாது. பாட்டை மாற்றிக்கொள்ளுங்கள், ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், என்னைவிடச் சிவப்பாக ஒருத்தியைக் கொண்டுவந்து என்னைப் போல அழ விடுங்கள், முடிவில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றாள். அவர்களும் சரி என்றார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள். வயிற்றெரிச்சலே அதுதான்.

வெண்ணாற்றுத் தண்ணீர் பாயும் செம்மங்கரையில் பொன்னுத்தாயைத் தெரியாதவர்கள் கிடையாது. நடவு நாளில் அவள் பாட்டெடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பெண்களுக்குக் கை ஓடும். வாயும் கொஞ்சம் நீளம். மிராசுதாரின் காரியக்காரர் வரப்பில் வந்து நின்றால், அவர் காதில் விழும்படியாகவே ஒரு வரி கட்டிப் பாடுவாள். அவரும் காதில் விழாத மாதிரி நகர்ந்துவிடுவார். அவள் புருஷன் வைரக்கண்ணு அதற்கு நேர் எதிர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவான். செங்கொடிச் சங்கம் தெருவுக்குள் வந்தபோது அவனைத்தான் தலைவராகப் போட்டார்கள். பேசத் தெரியாத ஆளைப் போய்த் தலைவராகப் போட்டிருக்கிறீர்களே என்று அவளே கேலி செய்தாள்.

அறுபத்தேழில் ஆட்சி மாறியது. ரூபாய்க்குப் படி அரிசி என்று மேடைக்கு மேடை பேச்சு. கோட்டையில் ஆள் மாறிவிட்டால் களத்துமேட்டில் மரக்கால் மாறிவிடுமா என்ன? மறு வருஷம் தை அறுப்பில் செம்மங்கரைக்காரர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்க ஆரம்பித்தார். வைரக்கண்ணு நேராகக் களத்துக்குப் போய் நடுவில் உட்கார்ந்துவிட்டான். கத்தவில்லை, கம்பெடுக்கவில்லை, சும்மா உட்கார்ந்தான். உச்சி வெயிலில் பொன்னுத்தாய் அவனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரை ஏறி வந்தபோது நாலைந்து பேர் அவனைச் சுற்றி நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். மிராசுதார் குடை பிடித்து வரப்பில் நின்றார். வைரக்கண்ணு விழுந்தான். எழுந்துவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். தூக்குவாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை, அப்படியே நின்று பார்த்தாள். அடித்தவர்கள் விலகிப் போன பிறகும் அவன் எழவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஊரே கூடி ஒப்பாரி வைத்தபோது, பாட்டுக்காரி என்று பெயரெடுத்தவள் வாய் திறக்காமல் சுவரில் சாய்ந்து கிடந்தாள். வழக்கு நடந்தது. வைக்கோல் போரில் ஏறும்போது கால் இடறி விழுந்தான் என்று எதிர்த்தரப்பில் சொன்னார்கள். நம் பக்கத்துச் சாட்சிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். குடையைப் பார்த்தேன் என்றவன் ஆளைப் பார்க்கவில்லை என்றான், ஆளைப் பார்த்தேன் என்றவன் ஊரிலேயே இல்லை. எல்லோரும் விடுதலை. மிராசுதார் அதே குடையோடு வண்டியேறி ஊர் திரும்பினார்.

அதன் பிறகுதான் ரெத்தினத்துக்கு அந்த யோசனை வந்தது. ரெத்தினம் வைரக்கண்ணுவின் தம்பி. மூன்று பிள்ளைக்குத் தகப்பன், அண்ணன் ஜாடை அச்சாக உண்டு. கோர்ட்டில் ஏறாதது மேடையில் ஏறட்டும் என்றான். பாட்டெல்லாம் நடவு மெட்டிலும் ஏற்ற மெட்டிலும் அவர்களே கட்டினார்கள். வைரக்கண்ணுவாக ரெத்தினம் நடித்தான். பொன்னுத்தாய்க்கு வேறு வேஷம் ஏது, பொன்னுத்தாயாகவே நின்றாள். மிராசுதாராக வண்டியோட்டி குஞ்சிதபாதம் வந்தார். ஆறடி உயரம், கணீரென்ற சாரீரம். வாழ்நாளெல்லாம் மிராசுதாருக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்ற மனிதர், மேடையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அதட்டினால் முன்வரிசைப் பிள்ளைகள் அலறும்.

முதல் ஒத்திகையில் ஒன்று நடந்தது. மேடையில் ஆள் பற்றாததால் மிராசுதாரே அடிப்பதாக வைத்திருந்தார்கள். குஞ்சிதபாதம் தடியை ஓங்கினார், ரெத்தினம் விழுந்தான். அதே முகம், அதே மாதிரி ஒருக்களித்துக் கிடந்தான். பொன்னுத்தாய் ஓடிப்போய் அவனைப் பிடித்து உலுக்கினாள். எழுந்து உட்கார்ந்து அவன் சிரித்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அப்போதே ஒரு சட்டம் போட்டாள். ஒரு வீட்டில் ஒருவர் போனது போதும். நாடகம் முடிந்து மங்களம் பாடினதும், அடித்தவரே வந்து விழுந்தவரைக் கைகொடுத்து எழுப்ப வேண்டும். நெற்றியில் திருநீறு இட்டு, வெற்றிலை பாக்குக் கொடுத்து, நூறு வயசு இரு என்று வாழ்த்த வேண்டும். எழுந்தவரும் பதிலுக்கு வாழ்த்த வேண்டும். அதையும் திரைக்குப் பின்னால் செய்யக் கூடாது. அவன் செத்ததைப் பார்த்த அத்தனை கண்ணும் அவன் எழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கலைய வேண்டும், இல்லையென்றால் தோஷம் அவனோடு வீட்டுக்கு வரும் என்றாள். செத்த வேஷம் போட்டவனுக்குக் கழிப்புக் கழிப்பது அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் புதிதல்ல. அதனால் யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போவார்கள்.

நாடகம் ஊர் ஊராகப் போயிற்று. போன இடமெல்லாம் பெண்கள் மிராசுதாரைச் சபித்து மண்ணை வாரித் தூற்றினார்கள். எழுபத்திரண்டில், தஞ்சாவூருக்கு வந்திருந்த ஒரு சினிமா டைரக்டர் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, காரைக் கப்பிச் சாலையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தொடக்கம் முதல் கடைசி வெற்றிலை வரைக்கும் அசையாமல் பார்த்தார். கைக்குட்டை நனைந்துவிட்டது. உண்மையாகவே அழுதார், அதில் குறை சொல்ல முடியாது. இதைப் படமாக எடுத்தே தீருவேன் என்றார். பொன்னுத்தாய் தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"முடிவை மட்டும் மாத்தாதீங்க சார்."

"மாத்துறதா? இந்த முடிவுக்காகத்தாம்மா நான் படமே எடுக்கிறேன்," என்றார் அவர்.

ஊருக்குப் புல்லரித்துப் போயிற்று. தமிழ்நாடு முழுக்கப் பார்க்கப் போகிறது, இனிமேல் எந்தக் கோர்ட்டு வேண்டும் என்று ரெத்தினம் துள்ளினான். கார் ஏறும் முன் டைரக்டர் அவனைத் தனியே கூப்பிட்டு, வெற்றிலை கொடுக்கும்போது என்ன சொல்வீர்கள், அதை அப்படியே ஒருதரம் சொல்லுங்கள் என்று கேட்டார். அவன் பெருமையாகச் சொன்னான். அப்போதாவது யாருக்காவது பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. சாப்பிட்டு முடித்து நாம் இலையை மூடுவதை ஒருவன் வந்து பார்த்துவிட்டு, அதுவும் ஒரு பதார்த்தம் என்று நினைப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

படம் மறு வருஷம் வந்தது. பூதலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்திய ஜெக்கரியா பாய், செம்மங்கரைத் தெருவுக்கே வண்டிகளை அனுப்பிவிட்டார். உங்கள் ஊர்க் கதைக்கு உங்களுக்கு எதற்கு டிக்கெட் என்று வாசலில் நின்று வரவேற்றார். படப்பெட்டி அன்றைக்குத்தான் ரயிலில் வந்து இறங்கியது. அவரே படத்தை இன்னும் பார்க்கவில்லை. பொன்னுத்தாய்க்குப் பெண்கள் பக்கம் பெஞ்சு போட்டுக் கொடுத்தார். அவள் வெளுத்த சேலை கட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்திருந்தாள்.

நடிப்பைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். வைரக்கண்ணுவாக நடித்தவர் அந்தக் காலத்தில் பெண்கள் வீட்டில் படம் மாட்டி வைத்திருந்த நடிகர். ஆனாலும் சேற்றில் இறங்கினால் சேற்றில் பிறந்தவர் மாதிரி இருந்தார், பேசாமலே பேசினார். மிராசுதாராக வந்தவர் வெற்றிலை மெல்லும் தோரணையைப் பார்த்து, குஞ்சிதபாதமே தொடையில் தட்டி, நான் என்னத்தை நடித்தேன் என்று சொல்லிக்கொண்டார். பொன்னுத்தாயாக நடித்த பெண் பாட்டு பாடி நடவு நட்டபோது, நாற்றைப் பிடித்த விரலில் மட்டும் கொஞ்சம் பிசகு. மற்றபடி அந்தக் கண்ணும் அந்த வாயும் தன்னுடையதுதான் என்று பொன்னுத்தாய்க்கே பட்டது. பாட்டுகளில் வயலின் நிறையச் சேர்த்திருந்தார்கள். இருக்கட்டும், மெட்டு இவர்களுடையதுதானே.

களத்துமேடு வந்தது. அந்தப் பெண் தூக்குவாளியோடு கரையேறி வந்தாள். தடிகள் இறங்கின, அவர் விழுந்தார். பொன்னுத்தாய் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். இப்போது தமிழ்நாடு முழுக்கப் பார்க்கிறது, இப்போது எல்லாருக்கும் தெரிகிறது என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. திரையில் குடை கீழே விழுந்தது. மிராசுதார் வரப்பிலிருந்து இறங்கி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. விழுந்து கிடந்தவரின் கையைப் பிடித்தார். கிடந்தவரின் விரல் அசைந்தது. கண் திறந்தது. எழுந்தார்.

கொட்டகை இடிந்து விழுவது போலக் கைதட்டல். விசில் பறந்தது. பொன்னுத்தாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுந்துவிட்டார்! ஐந்து வருஷமாக அவள் ராத்திரியும் பகலும் வேண்டிக்கொண்டது அதுதான். களத்தில் வாளியோடு நின்று அவள் காத்திருந்தது அதற்குத்தான்.

திரையில் மிராசுதார் மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினார். நெற்றியில் திருநீறு பூசி, நூறு வயசு இரு என்றார். அடிபட்டவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீங்களும் நூறு வயசு இருக்கணும் ஐயா என்றார். எல்லாரும் சேர்ந்து நெல் தூற்றிப் பாடினார்கள். குஞ்சிதபாதமும் ரெத்தினமும் மேடையில் சொல்லுகிற அதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாற்றவில்லை.

பொன்னுத்தாய் குனிந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு கையும் தட்டிக்கொண்டிருந்தன. தான் தட்ட ஆரம்பித்தது அவளுக்கே தெரியாது. நிறுத்த நினைத்தும் உடனே நிற்கவில்லை. யாரோ கொள்ளிக்கட்டையைக் கையில் வைத்தது போல உதறிக்கொண்டு மடியில் அழுத்திப் பிடித்தாள். தேசிய கீதம் போட்டார்கள், கொட்டகையே எழுந்து நின்றது, அவள் எழவில்லை. ஜெக்கரியா பாய் வாசலில் நின்றிருந்தார். வரும்போது சிரித்து வரவேற்றவர், போகும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

திரும்பும் வண்டியில் ரெத்தினம், நாம் செய்ததைத்தானே அண்ணி எடுத்திருக்கிறான் என்று முனகினான். செய்யச் சொன்னது யார்? சட்டம் போட்டது யார்? கொழுந்தனைக் காப்பாற்ற அவள் வைத்த வெற்றிலையை எடுத்து, புருஷனை அடிக்க விட்டவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

படம் எங்கே பார்த்தாலும் ஓடியது. ஓடாமல் என்ன செய்யும், அத்தனை பேரும் அப்படி நடித்திருந்தார்களே. செம்மங்கரை டீக்கடையில் காரியக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மெட்ராஸிலிருந்து வந்து விசாரித்துத்தான் எடுத்திருக்கிறான், பலமான அடி இல்லை என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது, பிறகு வைக்கோல் போரிலிருந்து விழுந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்றார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அவர் சாப்பிடுகிற சோறு அப்படி. ஆனால் மாசிச் சந்தைக்குத் திருவையாறு போயிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண், இவள் செம்மங்கரைக்காரி என்று கேட்டதும் ஆசையாகக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு இப்ப சௌக்கியமா இருக்காராம்மா? எங்க வேலை பாக்குறாரு?"

அந்தப் பெண்ணின் முகத்தில் கள்ளம் கபடம் இல்லை, படத்தைப் பார்த்து மனதார அழுது, மனதாரச் சந்தோஷப்பட்டு வந்தவள். அவர் செத்துவிட்டார் என்று பொன்னுத்தாய் சொன்னாள். ஐயோ, எப்போது என்று அவள் பதறினாள். எப்போது என்றால் என்ன சொல்ல? அப்போதே என்றால், படத்தில் எழுந்தாரே என்பாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பொன்னுத்தாய் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். களத்தில் ஒருமுறை, கோர்ட்டில் ஒருமுறை, இப்போது மூன்றாவது முறையாக அவனைக் கொன்றுவிட்டார்கள், அதுவும் உயிரோடு எழுப்பி.

ஜெக்கரியா பாய்க்கு மனசு கேட்கவில்லை. தஞ்சாவூரில் அந்த டைரக்டருக்கு மாலை போட்ட இடத்துக்கே போய், இப்படி எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். அவருக்கு இவர் கேட்டதே விளங்கவில்லையாம். நாடகத்தில் கண்டதைத்தான் எடுத்தேன், ஊரே கூட நின்று பார்த்ததே, அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லுங்கள் என்றாராம். பாய் இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பொன்னுத்தாய், உங்களுக்கு ஏன் பாய் இந்த அலைச்சல் என்று மட்டும் சொன்னாள்.

அறுப்பு முடிந்திருந்தது. திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு ஊரில் நாடகம் போடக் கூப்பிட்டார்கள். படத்தைப் பார்த்தவர்கள் மூலக்கதையைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். இங்கேதான் இக்கட்டு. கடைசியில் வெற்றிலை கொடுத்தால் படம் சொன்னது மெய்யாகிவிடும். கொடுக்காவிட்டால் ரெத்தினம் எழுப்பாத பிணமாக வீடு போவான். வெற்றிலையை விட்டுவிடலாம் என்று ரெத்தினமே சொன்னான். அவன் பெண்டாட்டி மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். குஞ்சிதபாதம் ஒத்துக்கொள்ளவில்லை.

"எழுப்பாம என்னால அடிக்க முடியாது தங்கச்சி. என்னை விட்டுடுங்க," என்றார்.

பொன்னுத்தாய்க்கு இரண்டு பக்கமும் சுட்டது. செத்தவனுக்கு நியாயம் பார்த்தால் இருப்பவனுக்கு ஆபத்து. இருப்பவனைப் பார்த்தால் செத்தவன் சாகாதவன் ஆகிறான். அடியுங்கள், எழுப்புங்கள், எப்போதும் போலச் செய்யுங்கள் என்று குஞ்சிதபாதத்திடம் சொல்லி அனுப்பினாள். ரெத்தினத்துக்கு முகம் விழுந்துவிட்டது. அண்ணி அண்ணனை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அவன் நினைத்தான்.

நாடகம் அன்றைக்குப் பிரமாதமாக நடந்தது. ரெத்தினம் விழுந்தான், பொன்னுத்தாய் பாடினாள், மங்களம் முடிந்தது. குஞ்சிதபாதம் வெற்றிலைத் தட்டோடு வந்தார். கூட்டத்தில் கைதட்டல் கிளம்பியது. இதோ எழப் போகிறார் என்று பிள்ளைகள் எம்பி எம்பிப் பார்த்தார்கள். பொன்னுத்தாய் குறுக்கே போய் நின்று கையைக் காட்டினாள். குஞ்சிதபாதம் தட்டோடு அப்படியே நின்றார்.

"கைதட்டாதீங்க," என்றாள். "இது ரெத்தினம். என் கொழுந்தன். வேஷம் போட்டாரு, எந்திரிக்கிறாரு. இவரு நூறு வயசு இருக்கணும்."

அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் என்று சொல்லலாம். ஆனால் படத்தில் அந்தப் பெண்ணும் அதைத்தான் சொன்னாள், அந்த வீட்டுக்காரர் எழுந்து பாடினார். சொன்னால் அவரைச் சொல்லியாக வேண்டும், வேறு யாரையும் அல்ல. புருஷன் பெயர் சொல்லுகிற வழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. கோர்ட்டில் வக்கீல் மூன்று தடவை கேட்டும் அவள் வாய் திறக்காமல் ரெத்தினத்தைக் கைகாட்டினாள், அவன்தான் எழுந்து சொன்னான். கூட்டம் காத்திருந்தது.

"வைரக்கண்ணு எந்திரிக்கல," என்றாள். "களத்துல போட்டு அடிச்சாங்க. நான் பாத்துக்கிட்டு நின்னேன். வைரக்கண்ணு எந்திரிக்கவே இல்ல."

ஒரு கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பொன்னுத்தாய் விலகி நின்று, எழுப்புங்கண்ணே என்றாள். ரெத்தினம் எழவில்லை. அண்ணியின் வாயிலிருந்து அண்ணன் பெயரை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. மேடைப் பலகையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். குஞ்சிதபாதம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவனைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.